தேக நோய்களால் கண்ணுக்கு வரும் கேடு

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அந்தச் சிரசிற்கும் கண்ணே பிரதானம் என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் நம் ஜனங்கள் கண்ணைத் தேகத்தினின்றும் வேறான ஓர் உறுப்பைப்போல் எண்ணி வருகிறார்கள். பார்வை மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். கண் சிவந்தால் யாரோ சொன்ன சாற்றைப் பிழிகிறார்கள். குழந்தை மாறுகண்ணாய்ப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். உண்மையில் கண்ணில் காணும் கேடுகளில் பல கண்ணில் பிறந்தவையல்ல. அவை உணவில் பிறந்து, இரத்தத்தில் வளர்ந்து, அல்லது தாயின் வயிற்றிலேயே தொடங்கிக் கண்ணில் வந்து வெளிப்படுகின்றன. ஆகையால் கண்ணைக் காக்க விரும்புவோர் தேகம் முழுவதையும் காக்கவேண்டியது அவசியம்.

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், முடிச்சூர், மேடவாக்கம் முதலிய ஊர்களில் வசிப்போர் இவ்விஷயத்தைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் பசுக்களும் நம்பி வாழ்ந்த இவ்வூர்கள் இன்று பட்டணத்தோடு ஒன்றாய்க் கலந்துவிட்டன. வாழ்க்கை மாறியதுபோலவே கண்ணைக் கெடுக்கும் காரணங்களும் மாறியிருக்கின்றன. பாட்டன் காலத்தில் சத்துக் குறைவினால் கண் கெட்டது. பேரன் காலத்தில் சர்க்கரை மிகுதியினால் கெடுகிறது. இரண்டிற்கும் பரிகாரம் உண்டு. ஆனால் அது காலம் தவறாமல் செய்யப்படவேண்டும்.

கண்ணின் அமைப்பு

தேகத்தின் நோய் கண்ணை ஏன் இவ்வளவு எளிதில் தாக்குகிறது என்பதை முதலில் அறிதல் நலம். கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. நாம் காணும் உருவம் இதில்தான் விழுகிறது. தலைமயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இதற்கு ஆகாரம் கொண்டு செல்கின்றன. இரத்தத்தில் தோஷம் ஏற்பட்டால் இக்குழாய்கள் விரைவில் பழுதடைகின்றன. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்போ மூளையின் ஒரு பகுதியேயாகும். ஆகவே மூளையைத் தாக்கும் நோய் இதனையும் தாக்கும். கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் பளபளப்பாயிருக்கும் கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்களே இல்லை. அது கண்ணீரையும் உணர்ச்சி நரம்பையும் நம்பி உயிர் வாழ்வது. போஷணை குறைந்தாலும் உணர்ச்சி குறைந்தாலும் அது புண்ணாகிவிடும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. தேகத்தை அறுக்காமலே இரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் விழித்திரை ஒன்றே. 1851ஆம் வருஷத்தில் ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். அன்று முதல் வைத்தியர்கள் கண்ணின் வழியாய் நீரிழிவையும், இரத்தக் கொதிப்பையும், மூளைக்குள் ஏற்படும் வீக்கத்தையும் கண்டறிந்து வருகிறார்கள். நோயாளி தம் நோயை அறியுமுன் கண் வைத்தியர் அறிந்து சொல்லுவது உண்டு.

உணவுக் குறைவும் மாலைக்கண்ணும்

சென்னை எழும்பூரிலுள்ள சர்க்கார் கண் வைத்தியசாலை 1819ஆம் வருஷத்தில் தொடங்கப்பெற்றது. ஆசியாக் கண்டத்தின் மிகப் பழைய கண் வைத்தியசாலைகளுள் அதுவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கொண்டுவரப்பட்ட ஏழைக் குழந்தைகளில் பலருக்குக் கருவிழிப் படலம் மெழுகுபோல் உருகிக் கரைந்திருந்தது. இக்குழந்தைகள் பிறவிக் குருடர்களல்லர். நல்ல கண்ணோடு பிறந்து, பால் மறந்தபின் வெறுஞ் சோறும் கஞ்சியும் உண்டு வளர்ந்து, பேதியோ தட்டம்மையோ கண்டபின் சில தினங்களுக்குள் கண்ணை இழந்தவர்கள்.

இதற்குக் காரணம் 'ஏ' என்னும் ஜீவசத்தின் குறைவு. வைட்டமின் 'ஏ' என்று டாக்டர்கள் சொல்வது இதுவே. குறைந்த வெளிச்சத்தில் பார்ப்பதற்கு விழித்திரையில் ஒருவகை வர்ணப் பொருள் வேண்டும். அப்பொருளை ஆக்க இச்சத்து தேவை. இது குறைந்தால் முதலில் அந்தி வேளையில் குழந்தை தடுமாறும். தட்டிலுள்ள சோற்றைத் தடவித் தேடும். பின்பு வெண்விழியில் நுரை ஒட்டியதுபோல் சாம்பல் நிறத் திட்டுக்கள் தோன்றும். அதன்பின் கண் வறண்டு, கருவிழி மங்கி, ஒரு நாள் உருகிவிடும். முதல் இரண்டு நிலைகளிலும் குழந்தையை முற்றிலும் குணப்படுத்தலாம். கடைசி நிலையில் எவ்வைத்தியரும் கண்ணைத் திருப்பித் தர இயலாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

1937ஆம் வருஷத்தில் எழும்பூர் வைத்தியசாலையைச் சேர்ந்த டாக்டர் ரைட் அவர்களும், குன்னூர் போஷணை ஆராய்ச்சி சாலையின் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு அவர்களும், இந்நோயுள்ள குழந்தைகளுக்குச் செம்பனை எண்ணெயைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரசுரித்தார்கள். விலையுயர்ந்த மீன் எண்ணெய்க்குப் பதிலாகத் தாவரப் பொருளாலும் இக்குறையை நீக்கலாம் என்பது அதனால் விளங்கிற்று. அவ்வெண்ணெயின் செந்நிறத்திற்குக் காரணமான பொருளே நம் தேகத்தில் 'ஏ' ஜீவசத்தாக மாறுகிறது. நம் கொல்லையிலுள்ள முருங்கைக் கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றிலும் அப்பொருள் நிறைய இருக்கிறது. சிறிது எண்ணெயோ நெய்யோ சேர்த்துச் சமைத்தால்தான் அது தேகத்தில் நன்றாய்ச் சேரும்.

இச்சத்தினால் காக்கப்படுவது கண் மட்டுமன்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் 15,000 சிறு குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1990ஆம் வருஷத்தில் அதன் முடிவை வெளியிட்டார்கள். வாரந்தோறும் சிறு அளவில் இந்த ஜீவசத்தைப் பெற்ற குழந்தைகளிடையே மரணம், அதைப் பெறாதவர்களிடையே இருந்ததைவிட 54 சதவிகிதம் குறைந்தது. மாலையில் தடுமாறும் குழந்தையின் கண்ணுக்கு மாத்திரமல்ல, உயிருக்கும் ஆபத்து நெருங்கியிருக்கிறது என்பதே இதன் கருத்து.

இங்கே பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கறவை மாடு வாங்கக் கடன் பெற்ற குடும்பம், காலையும் மாலையும் கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டுத் தவணை கட்டுவது வழக்கம். தவணை தவறாமல் கட்டுவது மெச்சத்தக்கதே. ஆனால் மாடு கட்டியிருக்கும் வீட்டில் குழந்தைக்கு ஒரு தம்ளர் பால் இல்லையென்றால் அக்கடனால் விளைந்த நன்மை யாது? பாலிலுள்ள 'ஏ' ஜீவசத்து அதன் கொழுப்பில் தங்கியிருக்கிறது. ஆகையால் வெண்ணெய் எடுத்த மோரைக் குழந்தைக்கு வைத்துவிட்டு வெண்ணெயை விற்பதும் சரியன்று. கறவைக் கணக்கு எழுதும்போது வீட்டுக் குழந்தைக்கு உரிய பங்கை முதலில் ஒதுக்கி, மிச்சத்தையே விற்பனைப் பாலாகக் கருதவேண்டும்.

1970ஆம் வருஷம் முதல் இந்திய சர்க்கார் சிறு குழந்தைகளுக்கு இந்த ஜீவசத்துத் திராவகத்தை வழங்கி வருகிறார்கள். 9ஆம் மாதத்தில் 1 லட்சம் யூனிட்டும், பிறகு ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட்டும், ஐந்து வயது நிறையும் வரை மொத்தம் 9 தடவை கொடுப்பது முறை. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். மாலைக்கண் என்று சொல்லப்படுவதில் பரம்பரையாய் வரும் வேறொரு விழித்திரை நோயும் உண்டு. அது கீரையாலும் திராவகத்தாலும் நீங்குவதன்று. ஆகையால் மாலைக்கண் உள்ளவர்களை வைத்தியர் பார்த்து எது என்று நிச்சயிக்கவேண்டும்.

நீரிழிவு

பழைய நாளில் பணக்காரர் வியாதி எனப்பட்ட நீரிழிவு இன்று குடிசைகளுக்கும் வந்துவிட்டது. 1948ஆம் வருஷத்தில் சென்னை ஸ்டான்லி வைத்தியசாலையில் டாக்டர் எம். விஸ்வநாதன் அவர்கள் இந்நோய்க்கென்று தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். 2023ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சிக் கணக்கின்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவுள்ளவர்கள். சென்னை நகரத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், நீரிழிவுள்ளவர்களில் 17.6 சதவிகிதம் பேருக்கு விழித்திரை பழுதாகத் தொடங்கியிருந்தது. அதாவது ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர்.

இந்நோய் விழித்திரையைக் கெடுக்கும் விதம் பின்வருமாறு. இரத்தத்தில் சர்க்கரை அதிகமாய் நெடுநாள் தங்கினால் நுண்ணிய குழாய்களின் சுவர் பலவீனமடைகிறது. பழைய ரப்பர்க் குழாயில் நீர் கசிவதுபோல் அவற்றினின்றும் நீரும் கொழுப்பும் கசிந்து விழித்திரையின் நடுப்பாகத்தை வீங்கச் செய்கின்றன. பின்பு சில குழாய்கள் அடைபடுகின்றன. ஆகாரம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை முளைப்பிக்கிறது. அவை மிகவும் மெல்லியவையாதலால் வெடித்து இரத்தம் கொட்டுகின்றன. அன்றுதான் நோயாளி தம் கண்ணெதிரில் கருந்திரை விழுந்ததாக உணர்கிறார். அதற்கு முன் வருஷக் கணக்காக நோய் வளர்ந்திருக்கும். ஆனால் வலியில்லை, சிவப்பில்லை, பார்வையிலும் குறை தோன்றாது. இந்நோயின் வஞ்சகம் இதுவே.

உதாரணமாக ஐம்பது வயதுள்ள ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நீரிழிவு கண்டு எட்டு வருஷமாகிறது. மாத்திரை சாப்பிடுகிறார், பார்வை நன்றாகவே இருக்கிறது. கண் பரீட்சைக்கு வரச் சொன்னால், கண்மணியை விரிக்கும் மருந்து விட்டபின் சில மணி நேரம் எழுத்துத் தெரியாது, வெளிச்சம் கூசும், ஒரு நாள் கூலி போகும் என்று தயங்குகிறார். அந்த ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தியவர் பத்தாவது வருஷத்தில் பார்வையை இழந்தால், எஞ்சிய நாளின் கூலி முழுவதும் போகிறது. அவரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒரு பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுகிறான். ஒருவர் கண் போனால் இருவர் வாழ்வு போகிறது. சங்கத்தில் வாங்கிய கடனும் நிலுவையில் நிற்கிறது.

ஆகையால் பெரியவர்களுக்கு வரும் சாதாரண நீரிழிவு கண்டவுடனேயும், பின்பு வருஷம் ஒருமுறையும், பார்வை நன்றாயிருந்தாலும்கூட, கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். நீரிழிவுள்ள பெண் கர்ப்பமுற்றால் ஆரம்ப மாதங்களிலேயே இதைச் செய்யவேண்டும். கேடு ஆரம்பத்தில் தெரிந்தால் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் அடக்கியும், லேசர் என்னும் ஒளிக்கதிராலும், கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தாலும் பெரும்பாலோர் பார்வையைக் காப்பாற்றலாம். மற்றொன்று: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணிலுள்ள லென்ஸ் நீர் ஏற்று உப்பி வாடுவதால் கண்ணாடியின் அளவு மாறிக்கொண்டேயிருக்கும். சர்க்கரை ஒரு நிலைக்கு வராமுன் புதுக் கண்ணாடி வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

இரத்தக் கொதிப்பும் பிற நோய்களும்

இரத்தக் கொதிப்பு மிகுந்தால் விழித்திரையின் நாடிகள் சுருங்கித் தடிக்கின்றன. சில சமயம் ஒரு நாளம் திடீரென்று அடைபட்டு ஒரு கண் மங்கிவிடும். கர்ப்பிணிக்கு மாதம் ஏறியபின் முகமும் காலும் வீங்கி, தலைவலியோடு கண்முன் மின்மினி பறப்பதுபோல் தோன்றினால் அது கொதிப்பின் உக்கிரத்தைக் காட்டும் அடையாளம். அப்போது கண் வைத்தியரைத் தேடி நேரம் போக்காமல் உடனே பிரசவ வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்து நெருங்கியிருக்கலாம்.

கழுத்திலுள்ள தைராய்டு கோளம் அளவுக்கு மிஞ்சி வேலை செய்வோருக்குக் கண் பிதுங்கி, இமை மேலேறி, உருவம் இரண்டாய்த் தெரிவது உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு இது கடுமையாகும். மூட்டுவாதம் உள்ள பெரியவர்களுக்குக் கண் வறளும். மூட்டுவாதம் உள்ள சிறு குழந்தைகளுக்கோ கண் சிவக்காமலும் வலிக்காமலும் உள்ளே அழற்சி ஏற்பட்டுப் பார்வை கெடும். ஆகையால் அக்குழந்தைகளைக் குறித்த காலத்தில் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் தாமாகவே வாங்கி நெடுநாள் உபயோகித்தால் கண்புரையும் கண்ணின் நீர் அழுத்தமும் உண்டாகும்.

தாம்பரமும் திருமணியும் கற்பிக்கும் பாடம்

தாம்பரத்தில் ரயில் நிலையத்திற்கே பெயர் கொடுத்த சானடோரியம் 1928ஆம் வருஷத்தில் டாக்டர் சௌரி முத்து அவர்களால் க்ஷயரோகிகளுக்காக ஸ்தாபிக்கப்பெற்று, 1937ஆம் வருஷத்தில் சர்க்கார் வசமாயிற்று. க்ஷயம் நுரையீரலோடு நிற்பதன்று. அது கண்ணின் உட்படலங்களில் அழற்சியை உண்டாக்கும். குழந்தைகளின் கருவிழி ஓரத்தில் சிறு கொப்புளங்களாயும் தோன்றும். இதற்கு நேர்மாறாக, க்ஷயத்தைக் குணப்படுத்தும் மருந்துகளுள் ஒன்றாகிய எதாம்புடால் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் வேறுபடாமல் மங்கும். பிறகு எழுத்து தெரியாது. இம்மருந்து உட்கொள்வோர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, நாட்காட்டியின் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தம்மைத் தாமே பரீக்ஷித்துக்கொள்ளலாம். மாறுதல் தெரிந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லவேண்டும். வேறு மருந்து கொடுத்து அவர் சிகிச்சையைத் தொடர்வார். கண்ணுக்குப் பயந்து எல்லா மருந்தையும் தாமாக நிறுத்திவிடுவது உயிருக்கு அபாயம்.

1993ஆம் வருஷம் முதல் அதே வைத்தியசாலையில் எச்.ஐ.வி. கிருமியால் பீடிக்கப்பட்டவர்களும் சிகிச்சை பெற்று வருகிறார்கள். இக்கிருமி தேகத்தின் எதிர்ப்புச் சக்தியை அழித்தபின், சாதாரணமாக மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத ஒருவகைக் கிருமி விழித்திரையைத் தின்று குருடாக்கும். எச்.ஐ.வி. மருந்தைத் தவறாமல் உட்கொள்வோருக்கு இந்நிலை வருவது அரிது. கண்முன் புழுக்களும் புள்ளிகளும் மிதப்பதாய்ச் சொல்லும் நோயாளியை உடனே கண் வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தை 1955ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கினார்கள். தொழுநோய் இமையை மூடும் நரம்பைத் தாக்கினால் தூக்கத்திலும் கண் திறந்திருக்கும். கருவிழியின் உணர்ச்சி நரம்பைத் தாக்கினால் தூசி விழுந்தாலும் உறுத்தாது, உறுத்தாததால் துடைப்பதில்லை, துடைக்காததால் புண்ணாகிறது. வலி ஒரு காவற்காரன் என்பதை இந்நோயைக் கண்டே நாம் அறிகிறோம். ஆகவே இந்நோயுள்ளவர்கள் தினந்தோறும் கண்ணாடியில் கண்ணைப் பார்த்து, சிவப்பு உண்டா, இமை முழுதும் மூடுகிறதா என்று கவனித்து, இரவில் சுத்தமான துணியால் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். இன்று கூட்டு மருந்துகளால் தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. கண் கெடுமுன் சிகிச்சைக்கு வருவதே முக்கியம்.

நம் நாட்டில் எண்ணற்றவரைக் குருடாக்கிய பெரியம்மை இன்று இல்லை. கிண்டியில் 1899ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கிங் நிலையம் அம்மைப் பால் தயாரித்து மாகாணம் முழுவதற்கும் அனுப்பிற்று. 1977ஆம் வருஷத்தில் இந்தியா பெரியம்மை நீங்கிய தேசமென்று சான்று பெற்றது. ஒரு நோயை ஒழித்தால் அதனால் வரும் குருட்டையும் ஒழிக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாக்ஷி வேண்டுவதில்லை.

கருவிலும் பிரசவத்திலும் நேரும் கேடுகள்

1941ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் கிரெக் என்னும் கண் வைத்தியர், புரையோடு பிறந்த பல சிசுக்களைக் கண்டு, அவர்களுடைய தாய்மாரை விசாரித்தார். அவர்களிற் பெரும்பாலோர் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரூபெல்லா என்னும் அம்மையால் பீடிக்கப்பட்டிருந்தார்கள். தாய்க்கு இரண்டு நாள் லேசான சுரமும் சிவந்த தடிப்புமாய் வந்து போவது, சிசுவின் கண்ணையும் செவியையும் இருதயத்தையும் கெடுத்துவிடுகிறது. 2017ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டிற்கும் சேர்த்த ஊசி தமிழ்நாட்டிலும் வேறு சில இடங்களிலும் முதன்முதலாகப் பெருமளவில் போடப்பட்டது. இப்போது 9ஆம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் இது போடப்படுகிறது. இன்று சிறுமிக்குப் போடும் ஊசி நாளை அவள் பெறப்போகும் பிள்ளையின் கண்ணுக்குக் காவலாகும்.

மாதம் நிறையாமல் பிறந்த சிசுவின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுவதும் வளர்ந்திராது. பிறந்தபின் அவை தாறுமாறாய் வளர்ந்து, விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடக்கூடும். அளவுக்கு மீறிய பிராணவாயு கொடுத்தால் இக்கேடு அதிகமாகும். 1942ஆம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்து டாக்டர் டெர்ரி இதை முதலில் விவரித்தார். குறைந்த எடையுள்ள சிசுக்களை வைத்தியசாலைகள் காப்பாற்றத் தொடங்கிய தேசங்களிலெல்லாம் இந்நோயும் கூடவே வந்திருக்கிறது. 34 வாரத்திற்கு முன் பிறந்த சிசுவுக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சிசுவுக்கும், பிறந்த 30 நாளைக்குள் விழித்திரைப் பரீட்சை செய்யவேண்டும். மிகச் சிறிய சிசுவுக்கு இரண்டு மூன்று வாரத்திற்குள்ளேயே செய்யவேண்டும். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய், தீட்டு என்றும் திருஷ்டி என்றும் சொல்லி நாற்பது நாள் வெளியே எடுக்காமலிருந்தால் காலம் கடந்துவிடும். இந்த முப்பது நாளைத் தாயும் தந்தையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

மாமன் மகளையோ அக்காள் மகளையோ விவாகம் செய்யும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஒரே வம்சத்தில் மறைந்து கிடக்கும் குறை தாய் தந்தை இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அக்குறை வெளிப்பட இடமுண்டு. பரம்பரை மாலைக்கண்ணும் வெண்தேகமும் பிறவிக் கண்ணழுத்தமும் இவ்விதமாய் வருவதுண்டு. குடும்பத்தில் முன்னமே இத்தகைய பிள்ளை இருந்தால் சம்பந்தம் பேசுமுன் வைத்தியரை யோசனை கேட்பது நல்லது.

சிசுவின் கண்மணி வெள்ளையாய்த் தெரிந்தாலும், இருட்டில் பூனைக்கண்போல் மின்னினாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அது பிறவிப் புரையாயிருக்கலாம்; அல்லது விழித்திரையில் வரும் புற்றாயிருக்கலாம். புரையானால் தாமதத்தால் பார்வை போகும். புற்றானால் உயிரே போகும்.

வளர்ச்சிக் குறைவுள்ள குழந்தைகள்

டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலையுள்ள குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், புரை ஆகியவை மற்றவர்களைவிட அதிகமாய்க் காண்கின்றன. பக்கத்திலுள்ளதைக் கூர்ந்து பார்க்கும் சக்தியும் அவர்களுக்குக் குறைவு. எழுத்து தெரியாததால் படிக்காத பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்குவது பெரும் அநியாயம். கண்ணாடி போட்டபின் அத்தகைய பிள்ளை படத்தைக் காட்டிப் பேசத் தொடங்குவது உண்டு.

பிரசவத்தின்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்து கைகால் முடங்கிய குழந்தைகளின் கண் பழுதற்றதாயிருந்தும், மூளை அக்காட்சியை அறியமாட்டாமல் இருக்கும். அவர்கள் சில சமயம் பார்ப்பார்கள், சில சமயம் பாராமலிருப்பார்கள். அதைப் பிடிவாதம் என்று எண்ணலாகாது. ஒரு சமயத்தில் ஒரே பொருளை, பளிச்சென்ற நிறத்தில், சித்திரமில்லாத வெறும் துணியின்மேல் வைத்துக் காட்டி, குழந்தை பார்க்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். இவ்விதம் பழக்கினால் அநேகருக்கு நாளடைவில் பார்வை தெளிவுபெறுகிறது. தாம்பரத்திலிருந்து அதிக தூரமில்லாத முட்டுக்காட்டில், பலவகைக் குறைகளும் ஒருங்கே உள்ளவர்களுக்கென்று மத்திய சர்க்காரின் தேசிய நிலையம் 2005ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது.

மாறுகண்ணுள்ள குழந்தையின் ஒரு கண்ணை மூளை உபயோகிக்காமல் விட்டுவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியாலும், நல்ல கண்ணை மூடிப் பழக்குவதாலும் அதைச் சீர்படுத்தலாம்; அதன்பின் கடினம். ஆகையால் மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பது பிள்ளையின் ஒரு கண்ணைத் தானம் செய்வதற்கு ஒப்பாகும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

மேலே கூறியவற்றில் பெரும்பகுதிக்குப் பணம் அதிகம் வேண்டுவதில்லை. ஏற்பாடும் ஞாபகமுமே வேண்டும். பஞ்சாயத்தாரும், கூட்டுறவுச் சங்கத்தாரும், மகளிர் குழுக்களும் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

(1) ஒவ்வொரு தெருவிலும் நீரிழிவுள்ளவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவரும் கண் பரிசோதித்துக்கொண்ட தேதியைப் பக்கத்தில் குறிக்கவேண்டும். 2021ஆம் வருஷத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் ஊழியர் இதற்கு உதவி செய்வார்.

(2) கண் பரிசோதனைக்குப் போகிறவர்களைப் பத்துப் பேராகச் சேர்த்து ஒரே நாளில், துணைக்கு இருவரோடு, அனுப்பவேண்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயில் 1931ஆம் வருஷம் முதல் ஓடுகிறது. எழும்பூரில் இறங்கினால் சர்க்கார் கண் வைத்தியசாலை தூரமில்லை.

(3) பிரசவமான வீட்டாரிடம், மாதம் நிறைந்ததா, எடை என்ன என்று கேட்டு, குறைமாதமானால் முப்பதாம் நாளை நினைவூட்டவேண்டும்.

(4) அங்கன்வாடியில் ஜீவசத்துத் திராவகமும் அம்மை ஊசியும் பெறாத குழந்தைகளின் ஜாபிதாவைக் கிராம சபையில் வாசிக்கவேண்டும்.

(5) பள்ளிக்கூடத்திற்கு வரும் சிறார் நலப் பரிசோதகர்கள் குறை கண்டு சீட்டு எழுதிக் கொடுத்த பிள்ளைகள் உண்மையில் வைத்தியசாலைக்குப் போனார்களா என்று விசாரிக்கவேண்டும். சீட்டு பெட்டியில் கிடந்தால் கண் தெளிவடையாது.

(6) பால் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் வீட்டுக் குழந்தைக்குப் பால் ஒதுக்கியபின்னரே மிச்சத்தை ஊற்றுவது என்று மகாசபையில் தீர்மானம் செய்துகொள்ளலாம். வீட்டுக்கு ஒரு முருங்கை என்பதையும் அத்தீர்மானத்தில் சேர்க்கலாம்.

கூட்டுறவு என்பது பணத்தைச் சேர்த்து வைப்பது மாத்திரமன்று. பார்வையுள்ளவர் பார்வை மங்குகிறவரை முன்னதாகவே எச்சரித்து, கையைப் பிடித்து வைத்தியசாலை வாசலில் கொண்டுவிடுவதும் கூட்டுறவே. இன்று ஒரு நாள் கைபிடித்து அழைத்துச் சென்றால், ஆயுள் முழுவதும் கைபிடித்து நடத்தவேண்டிய அவசியம் அநேகருக்கு நேராமற் போகும்.